"வாழையைப் பாருங்கள்" என்றார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 61. தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலில் சேர்வதற்குச் சில கிலோமீட்டர் முன்னால், ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். ஆரம்பப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஏறத்தாழ அதே காலம் எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையிலும் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் வகுப்பு பெரும்பாலும் ஆலயத்துக்கு வெளியே புங்கமரத்தடியில்தான் நடக்கும். எறும்புப் புற்று, தூக்கணாங்குருவிக் கூடு, தும்பைப்பூ என்று எதைக் காட்டினாலும் அதற்குள் ஒரு வசனம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இப்போது எனக்கே எதிலும் எதுவும் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பகுதியில் வந்த வெள்ளத்தை நீங்கள் அறிந்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததாகப் பின்னால் செய்தியில் சொன்னார்கள். எங்களுக்கு அன்று அளவெல்லாம் தெரியாது. வாசலில் மூன்றாம் படியைத் தண்ணீர் தொட்டபோது பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியவர்கள், இரண்டு இரவு அங்கேயே இருந்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிப் போட்ட இரண்டு ஏக்கர் கற்பூரவள்ளி வாழை, குலை தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் போயிற்று. மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச்சில், வாய்க்காலில் படிந்த வண்டலை வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அங்கேயே மாரடைப்பில் சரிந்துவிட்டார். பக்கத்து வயல்காரர் ஓடி வந்து சொல்லி நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர் கையில் இருந்த மண்வெட்டியை யாரோ கொண்டுவந்து எங்கள் திண்ணையில் சாத்தினார்கள். அதில் ஒட்டியிருந்த மண்ணை நான் இன்னும் கழுவவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்த சபைப் பெரியவர் ஒருவர், "டீச்சர், வாழையைப் பாருங்கள். தாய்மரம் சாய்ந்தாலும் அடியில் கன்று எழும்பி வருகிறது. கர்த்தர் நமக்கு இயற்கையிலேயே பாடம் வைத்திருக்கிறார்" என்றார். நல்ல மனிதர், எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வயலில் பதினொரு நாள் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஜனவரியில் நானும் அவரும் கன்று தேறுமா என்று ஒவ்வொரு கட்டையாகத் தோண்டிப் பார்த்தோம். மேலே பார்க்கக் கிழங்கு கிழங்காகத்தான் இருந்தது. மண்வெட்டி பட்டதும் உள்ளே இருந்தது பழுப்பாகக் கூழாகப் பிதுங்கியது. அந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. நாற்பது கட்டை வரை தோண்டிய பிறகு அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். எங்கள் வாழையில் கன்று எழும்பவில்லை, அம்மா. ஜெபத்துக்கு வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது? தலையை ஆட்டி வைத்தேன். அன்றிலிருந்து பறவை, பூ, விதை என்று எந்தப் பிரசங்கத்தில் கேட்டாலும் எனக்கு அந்தக் கூழ்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எங்கள் வயலின் முதல் குலையை ஆலயத்துக்கு ஏலத்துக்குக் கொடுப்பது வழக்கம். அந்த ஆண்டு மட்டும், கடன் தவணை முந்துகிறது, அடுத்த ஆண்டு இரண்டாகக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார், நானும் சரி என்றேன். இதை அறிந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, என் காதுபடவே, "முதற்பலனில் கை வைத்தால் சும்மா போகுமா" என்று சொன்னாள்.

நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறேன். ஆனால் ஜெபிக்க வாய் திறந்தால் வார்த்தை வருவதில்லை. ராத்திரி தகரக் கூரையில் மழைத்துளி விழும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன், பிறகு விடியும் வரை தூக்கமில்லை. ஆற்றுப் பக்கம் போய் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிறது. சில நாள், இந்தப் பொழுது விடியாமலே இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். எனக்குப் போக மனமில்லை.

மனம் கொஞ்சம் அடங்குவது ஒரே இடத்தில்தான். எங்கள் வயலின் தெற்கு ஓரத்தில் ஒரு பனை நிற்கிறது, என் மாமனார் காலத்துப் பனை. சாயங்காலம் அதன் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்து, குருவிகள் ஓலைக்குள் வந்து அடையும் வரை இருப்பேன். ஜெபிப்பதில்லை, எதையும் நினைப்பதும் இல்லை. வெள்ளத்தில் அடித்து வந்த ஏதோ மரத்தடி மோதி, அந்தப் பனையின் இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயர்ந்துபோயிருக்கிறது. அதைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு ஆண்டு ஆகப்போகிறது, அது மூடவே இல்லை. பத்தடி தள்ளி நிற்கும் வேம்பிலும் அதே வெள்ளத்தில் அடிபட்டது, அங்கே ஓரம் தடித்து, உதடு மடிந்த மாதிரி மூடிக்கொண்டு வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

வருகிற நவம்பரில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் "துன்ப நாட்களில் இயற்கை கற்பிக்கும் பாடங்கள்" என்ற தலைப்பில் என்னைத்தான் பேசச் சொல்கிறார்கள். இதில் உங்களைவிட அனுபவம் யாருக்கு இருக்கிறது, டீச்சர், என்கிறார்கள். நான் பேச வேண்டுமா? முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் வெறும் பேச்சா? ஜெபிக்காமல் ஒரு பனைமரத்தடியில் போய் உட்கார்ந்திருப்பது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போவதா? மனதில் இருப்பதை மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். பொழுது விடியாமலே இருந்தால் நன்றாக இருக்குமே என்று எழுதியிருக்கிறீர்கள். நெடுநாள் துக்கம் சுமப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது அபூர்வமில்லை. ஆனால் அந்த நினைப்பு ஒரு படி தாண்டி, எப்படி, எப்போது என்று வழி யோசிக்கும் அளவுக்கு எப்போதாவது போனதுண்டா? போனதுண்டு என்றால், அல்லது இனி போனால், இந்தப் பதிலை அப்படியே மூடி வைத்துவிட்டு உடனே மகளைக் கூப்பிடுங்கள், 14416 என்ற எண்ணையும் அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். இதைக் கேட்பதனால் உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட எலியா தீர்க்கதரிசியே, சில நாள் கழித்து வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னான். அந்தச் செடிக்கு இன்னொரு முறை வருவேன்.

அடுத்தது அந்த முதல் குலை. அதை முதலில் எடுத்து அப்புறப்படுத்திவிட விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றின் அடியிலும் அது கிடந்து அழுகிக்கொண்டிருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதிலும் சொன்னார். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, நீங்களே பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். அந்த டிசம்பர் மழை, குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டிருந்த வளிமண்டலச் சுழற்சியால் வந்தது. குலை கொடுத்தவர் வயலும் கொடுக்காதவர் வயலும் அதில் ஒன்றாகத்தான் மூழ்கின. ஆனால் இந்த விளக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தும் ஏன் அரிக்கிறது என்றால், "என் தப்பால்தான் நடந்தது" என்ற எண்ணத்தில் ஒரு கசப்பான ஆறுதல் ஒளிந்திருக்கிறது. தப்பு நம்முடையதென்றால், திருத்திக்கொண்டால் இனி நடக்காது என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் நடந்தது என்பதைத் தாங்குவதைவிடக் குற்றவாளியாக இருப்பது மனதுக்குச் சில சமயம் எளிது. இந்தக் கணக்குக்கு விலை அதிகம். துன்பத்தைக் கடவுள் தந்த தண்டனை என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுவதை, மதமும் மனநலமும் குறித்து நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் போன்றோர் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். கடன் தவணையை முதலில் கட்டலாம் என்று முடிவெடுத்த ஒரு விவசாயி, பொறுப்போடு குடும்பம் நடத்தினார் என்பதுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த உறவுக்காரப் பெண்ணுக்கு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம், அவர் வீட்டு வாசலை அடிக்கடி மிதிக்கவும் வேண்டாம்.

இனி வாழைக்கு வருகிறேன்.

உங்களுக்கு ஆறுதல் சொன்ன பெரியவர் வாழையைப் பார்க்கச் சொன்னார். என் குறை என்னவென்றால், அவர் வாழையைப் பார்க்கவில்லை. வாழையடி வாழை என்று எல்லாருக்கும் தெரிந்த உவமையை எடுத்துச் சொன்னாரே தவிர, பத்து நாளுக்கு மேல் நீரில் நின்ற உங்கள் வயலின் வாழை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்காது. மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன வினைச்சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்கிறார், காட்டுப்புஷ்பங்களையும் அப்படியே கவனித்துப் பார்க்கச் சொல்கிறார். கவனித்துப் பார்க்கிறவன் கண்ணில் பாடத்துக்கு ஒத்துவருவதும் படும், ஒத்துவராததும் படும். அதே மத்தேயு சுவிசேஷத்தில் 10-ஆம் அதிகாரத்துக்குப் போனால் குருவி தரையில் விழுகிறது. பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்று சொன்னாரே ஒழிய, குருவி விழவே விழாது என்று அவர் சொல்லவில்லை.

இதைவிட உங்களுக்கு நெருக்கமான இடம் யோபு 14. "ஒரு விருட்சத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு, அது வெட்டிப்போடப்பட்டாலும் திரும்பத் தழைக்கும்" என்று அவன் தொடங்குகிறான். அடிக்கட்டை மண்ணிலே செத்தாலும் தண்ணீரின் வாசனையினால் அது துளிர்க்கும் என்றும் சொல்கிறான். பல பிரசங்கங்கள் அந்த இடத்தில் வேதாகமத்தை மூடிவிடும். யோபு மூடவில்லை. அடுத்த மூச்சிலேயே, "மனுஷனோவென்றால் செத்தபின் ஒழிந்துபோகிறான்" என்கிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் மரத்தைப் பார்த்தான், தனக்கு அந்த உவமை பொருந்தவில்லை என்பதையும் பார்த்தான், பார்த்ததைக் கர்த்தரிடமே சொன்னான். உங்கள் விஷயத்தில் வாழைக்குக்கூட அந்தத் துளிர் கிடைக்கவில்லை, தண்ணீரின் வாசனையே அதை அழுக வைத்துவிட்டது. ஆகவே சபை நடுவில் நீங்கள் சொல்லாமல் விழுங்கிய சொல் வேதத்துக்கு வெளியே இருக்கும் சொல் அல்ல, அதற்கு அங்கே ஓர் அதிகாரமே இருக்கிறது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். எனக்கு எழுதிய அந்த நாற்பது கட்டையின் கதையை, "அம்மா" என்ற விளிக்குப் பதிலாக "கர்த்தாவே" என்று போட்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கர்த்தர் யோபுவுக்குப் பதில் சொல்லும்போது, 38-ஆம் அதிகாரம் தொடங்கி, வரையாட்டையும் காகக் குஞ்சுகளையும், முட்டையைத் தரையில் விட்டுவிட்டுப் போகும் தீக்குருவியையும் காட்டிக்கொண்டே போகிறார். இறந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, "ஆகவே நீ அறியவேண்டிய பாடம் இது" என்ற முடிவுரையும் இல்லை. உண்மையைச் சொன்னால், பல ஆண்டுகள் எனக்கு அந்தப் பதில் பிடிக்கவே பிடிக்காது. துக்க வீட்டில் வந்து மிருகக்காட்சி சாலையைப் பற்றிப் பேசுகிற விருந்தாளி போல இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களோடு நாள்கணக்கில் உட்கார்ந்த பிறகே வேறு மாதிரிப் புரிந்தது. சாம்பலில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்குத் தன் புண்ணும் ஓட்டுச்சில்லும் தவிர வேறு எதுவும் தெரிவதில்லை. அவனைச் சேராத, அவனுக்கு எதையும் நிரூபிக்க வராத, தன்பாட்டுக்கு மலையில் குட்டி போடும் ஓர் ஆட்டை அவன் பார்க்கிறான். அந்தக் கொஞ்ச நேரமாவது அவன் கண் புண்ணை விட்டு வேறிடத்தில் இருக்கிறது. இது என் வாசிப்பு, இறையியல் படித்தவர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

நானும் ஒரு காலத்தில் அந்தப் பெரியவரைப் போலத்தான் இருந்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம், கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்ற வசனத்தை மிகுந்த அன்போடு எடுத்துச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என் பிள்ளை கோதுமை மணி இல்லையே, அம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்க வரவில்லை.

ஆகவே உங்கள் முப்பது ஆண்டுப் பாடம் வெறும் பேச்சா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். புங்கமரத்தடியில் பிள்ளைகளை உட்கார வைத்து எறும்புப் புற்றை உற்றுப் பார்க்க வைத்தீர்களே, அதில் பொய் எதுவும் இல்லை. எதற்குள்ளும் ஒரு வசனம் உடனே கிடைத்துவிடும் என்று சொன்னது மட்டும் சற்று அவசரம். சில பொருள்களுக்கு முன்னால் பல ஆண்டுகள் வசனம் கிடைக்காமலே உட்கார வேண்டியிருக்கும்.

நீங்கள் இப்போது பனையடியில் செய்வது அதைத்தான். அதைப் பின்வாங்குதல் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எலியாவின் சூரைச்செடிக்குத் திரும்புவோம். சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியவனைத் தேவதூதன் தட்டி எழுப்பி, என்ன உபதேசம் பண்ணினான்? எழுந்திருந்து சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டவனை இரண்டாம் முறையும் சாப்பிடத்தான் எழுப்பினான். பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் வந்தது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறது. வெள்ளத்தில் கர்த்தரைத் தேடிக் காணாமல் தவிக்கும் உங்களுக்கு அந்த மூன்று வாக்கியங்களையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

என் துறை இதை வேறு மொழியில் சொல்லும். இழப்பைச் சுமக்கும் மனம் எந்நேரமும் வேலை செய்து களைத்துப்போகிறது. அதை மேலும் வேலை வாங்காமல், மெல்லப் பிடித்து வைத்துக்கொள்ளும் காட்சிகள் அதற்கு ஓய்வு தருகின்றன. காற்றில் உரசும் ஓலையும் கூடடையும் குருவிகளும் அப்படிப்பட்ட காட்சிகள். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த 23 பேர், செங்கல் சுவரை மட்டும் பார்த்துப் படுத்திருந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான், மரம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நெதர்லாந்தில் துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷுட்டும் 1999-இல் சொன்னது உங்களுக்கு இன்னும் பொருந்தும் என்று நினைக்கிறேன். துக்கப்படுகிறவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம், ஒரே பக்கத்தில் நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது என்றார்கள். கழுவாத மண்வெட்டி திண்ணையில் இருக்கிறது, சாயங்காலம் பனையடிக்கு நடந்து போகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடம் இருக்கிறது. மண்வெட்டியைக் கழுவச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் என் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஆனால் கவலைக்குரியதையும் நான் மறைக்கக் கூடாது. கணவர் போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. பன்னிரண்டு மாதங்களைத் தாண்டியும் துக்கம் ஒவ்வொரு நாளையும் ஆட்டிப்படைத்து, வாழ்வே பொருளற்றதாகத் தோன்றினால், அதை நீடித்த துக்கம் என்று மனநல மருத்துவம் தனியாக வகைப்படுத்தி, அதற்கெனச் சிகிச்சையும் வைத்திருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நான் தீர்ப்பெழுத மாட்டேன். மழைச் சத்தத்தில் எழுந்து உட்காருவது வேறு வகையாகவும் இருக்கலாம், அது வெள்ளத்தின் அதிர்ச்சி உடம்பில் தங்கிவிட்டதன் அடையாளம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு நாள் காட்டி வாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருவதுண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். போகும்போது மகளைத் துணைக்கு அழையுங்கள். கோயம்புத்தூருக்கு வர மறுக்கும் தாய், ஒரு வாரம் நீ இங்கே வா என்று கேட்டால் அவளுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நெருங்குகிறது. அந்த இரவுகளுக்காக இப்போதே சில வேலைகளைச் செய்துவையுங்கள். பத்திரங்களையும் மருந்துகளையும் ஒரு பையில் போட்டு உயரத்தில் வையுங்கள், டார்ச் விளக்கில் மின்னேற்றி வையுங்கள், தண்ணீர் ஏறினால் எந்த வீட்டு மாடி என்று அந்த வீட்டாரிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்திறப்புச் செய்தியைச் சாயங்காலம் ஒரே ஒரு முறை கேளுங்கள், ராத்திரி முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கூரையில் துளி விழுந்து விழிப்பு வந்தால், தரையில் காலை ஊன்றி, இது எந்த ஆண்டு, எந்த மாதம், பை எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல இருக்கும், பரவாயில்லை. ஆற்றுக்கு இப்போது போக வேண்டாம். தை, மாசியில் தண்ணீர் இறங்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, பாலத்தின் மேல் நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். அங்கே எந்தப் பாடமும் தேட வேண்டாம்.

பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் இந்த ஆண்டு பேச வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் எதுவும் விளக்காமல், "இந்த நவம்பரில் என்னால் ஆகாது, வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று செயலாளரிடம் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. என்றாவது ஓர் ஆண்டு நீங்களாகவே பேச விரும்பினால், அந்த நாற்பது கட்டையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊரில் அதே ஜனவரியில் அதே போலக் கிழங்கைத் தோண்டிப் பார்த்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் நிச்சயம் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் "ஏன் என்று தெரியவில்லை" என்று மட்டும் எழுதியது. வேம்புக்குப் பட்டையின் அடியில், மரம் சுற்றளவில் பருப்பதற்காக ஓயாமல் புதிதாக வளரும் ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. காயம் பட்டால் அந்த அடுக்குதான் ஓரத்தில் தடித்து உருண்டு, நீங்கள் சொன்னது போல உதடு மடிந்து, மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. பனைக்கும் தென்னைக்கும் அப்படிப்பட்ட அடுக்கு கிடையாது. அவற்றின் தண்டில் விழுந்த காயம் மூடாது. சுற்றியுள்ள திசு உள்ளுக்குள் கெட்டிப்பட்டு, அழுகல் பரவுவதைத் தடுக்கப் பார்க்கும். வெளியே அந்த வடு, மரம் இருக்கும் வரை, பட்ட அன்றைய அளவிலேயே இருக்கும். வளர்ச்சி முழுவதும் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்தில் நடக்கிறது, அந்தக் குருத்தை இழந்தால் பனை சாகும். "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்ற 92-ஆம் சங்கீத வரியில் எபிரெய மூலத்தில் இருப்பது பேரீச்சை. யாத்திராகமத்தில் ஏலீமின் எழுபது மரங்களைப் பேரீச்சமரம் என்றே எழுதிய நம் மொழிபெயர்ப்பு, இங்கே பனை என்று எழுதியிருக்கிறது. எதுவானாலும் இந்த விஷயத்தில் இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்குமே காயம் மூடாது. நீங்கள் தாவரவியல் கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து மூடுகிறதா என்று காத்திருப்பவருக்கு இதை மறைப்பது நியாயமாகப் படவில்லை. இதற்கு மேல் அதில் ஒரு பாடத்தை ஏற்றி உங்கள் கையில் நான் கொடுக்க மாட்டேன், அந்தத் தவறை ஒரு முறை செய்தது போதும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் பழைய பனையேறிகள் யாராவது இருப்பார்கள். ஒரு சாயங்காலம் அவரைப் பனையடிக்குக் கூட்டிப் போய், வெள்ளத்துக்குப் பிறகு விரிந்த ஓலைகள் எவை என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரியும். அவர் எத்தனை என்று சொன்னார் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்